மூன்று ஷாலோவும் ஓர் அடிபம்பும்

இருபத்திரண்டு வருஷமாகக் கல்லூரியில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். கரும்பலகையின் நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் மானாவாரி, மழையை நம்பிய பயிர். அந்தப் பக்கம் பாசனம், ஆற்றையோ நிலத்தடி நீரையோ நம்பிய பயிர். எது நீரைக் கூட்டும், எது குறைக்கும் என்று ஒவ்வொரு வருஷமும் அதே பாடத்தை அதே குரலில் நடத்துவேன். மாணவிகள் கொட்டாவி விடுவார்கள். சில நாள் எனக்கே வரும். அந்தப் பாடம் ஒருநாள் என் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, கேனில் தண்ணீர் பிடிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், போய் வேறு வேலை இருந்தால் பாரு என்று விரட்டியிருப்பேன்.

எங்கள் வீடு லேக் மார்க்கெட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. தாத்தா ஒரு கம்பெனி உத்தியோகத்துக்காகத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டார். நான் பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் கொல்கத்தாவில்தான். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளம், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். கோபம் எனக்கு அடிக்கடி வரும். வீட்டில் நானும் என் கணவரும்தான். அவர் வங்கியில் வேலை பார்க்கிறார், என் கோபத்தைப் பார்த்துச் சிரிப்பதை இன்னொரு வேலையாக வைத்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணை நான் திதி என்பேன், அதாவது அக்கா. அவள் என்னை பௌதி என்பாள், அதாவது மன்னி. யார் பெரியவள் என்று வயதைப் பார்த்தால் கணக்கு உதைக்கும், நாங்கள் பார்த்ததில்லை. தெற்கே ஒரு கிராமத்திலிருந்து விடிகாலை லோக்கல் ரயிலைப் பிடித்து, பாலிகஞ்சில் இறங்கி, ஏழு மணிக்கு எங்கள் வீட்டு மணியை அடித்துவிடுவாள். பதினோரு வருஷமாக அப்படித்தான். போன வருஷம் மார்ச் கடைசியில் அந்த ஏழு, ஏழே முக்கால் ஆயிற்று. பிறகு எட்டரை ஆயிற்று. எனக்கு ஒன்பதே காலுக்கு வகுப்பு. மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் ‘இன்னிக்குக் கேட்டுடறேன்’ என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனால், திதி சிங்க்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எங்கள் வீட்டுக் குடிதண்ணீர்க் குழாயில் ஐந்து லிட்டர் கேனை நிரப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னொரு கேன் நிரம்பி மூடியிருந்தது.

“என்ன திதி இது? எங்க எடுத்துட்டுப் போற?”

“வீட்டுக்கு.”

“வீட்டுக்குன்னா? ரயில்லயா?”

“பின்ன? பறந்தா போவேன்?” என்றாள். பிறகு அவளுக்கே என்னவோ போலாகி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “குடிக்க மட்டும்தான் பௌதி. சமைக்கக் குளத்துத் தண்ணி இருக்கு.”

நாங்கள் பேசுவது வங்காளத்தில். இங்கே நான் எழுதுவது, அது என் காதில் தமிழாக விழுந்த மாதிரி.

கிராமத்திலிருந்து நகரத்துக்குக் காய்கறி வரும், மீன் வரும், பூ வரும். நகரத்துக் குழாய்த் தண்ணீர் ரயிலேறி கிராமத்துக்குப் போகிறதா? திட்ட வந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வகுப்புக்கு அன்றைக்கு நானே லேட்.

அவள் சொன்னது இதுதான். அவர்கள் தெருவில் பதினாலு வீட்டுக்கும் ஒரே அடிபம்பு. மழைக்காலத்தில் அதைச் சின்னக் குழந்தை தொங்கினால்கூடத் தண்ணீர் கொட்டும். மழை நெல் ஆமன், ஆனி ஆடியில் நட்டு மார்கழிக்கு முன்னால் அறுத்துவிடுவார்கள். அதற்கு எந்த மோட்டாரும் வேண்டாம், வானம் ஊற்றும். அது முடிந்ததும் அதே வயலில் போரோ என்று கோடை நெல் போடுவார்கள். அப்போது வானத்தில் ஒரு சொட்டு இருக்காது. மூன்று நாலு மாசம் வயலில் தண்ணீர் நிற்கவேண்டும். அதற்கு ஷாலோ, அதாவது ஆழமில்லாத குழாய்க்கிணறும் அதன்மேல் ஒரு மோட்டாரும். அவர்கள் பக்கத்தில் மூன்று ஷாலோ. மூன்றும் மாசி பிறந்ததிலிருந்து ராப்பகலாக ஓடுகின்றன. பங்குனி பாதியில் அடிபம்பு இருமத் தொடங்கும். பிறகு மூச்சு மட்டும் வரும், தண்ணீர் வராது. அதிகாலையில் மோட்டார்கள் ஓடாத ஒரு மணி நேரம் கொஞ்சம் சொட்டும், அதற்குப் பதினாலு வீடும் வரிசை. அதனால்தான் அவளுக்கு ரயில் தப்புகிறது.

“குளத்துக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரங்க பௌதி. அண்ணன் ஒண்ணு, தம்பி ஒண்ணு, ஆளுக்கொரு பெரிய மெஷின். நம்ம தண்ணியை எல்லாம் உறிஞ்சி நெல்லுக்கு ஊத்தறாங்க. அந்த அண்ணன் பொண்டாட்டிகிட்ட நேராவே கேட்டேன், உன் வீட்டுப் பானையும் காயாதான்னு. நாசமாப் போறவ, பதிலே சொல்லல.”

“மூணாவது ஷாலோ யாரோடது?”

“எங்களோடது. சின்ன மெஷின். ரெண்டே பிகா. அது எவ்வளவு குடிச்சிடப் போகுது?”

ஒரு பிகா என்றால் நம் கணக்கில் முப்பத்து மூன்று சென்ட். ஆமாம், சின்ன மெஷின்தானே, என்று நானும் தலையாட்டினேன். என் சமையலறையில் உட்கார்ந்து கண் கலங்குகிறவள் பக்கம்தானே மனசு சாயும்?

அன்றைக்கு எனக்கு வகுப்பில் கை நிற்கவில்லை. அடிபம்பு என்பது உறிஞ்சுகிற பம்பு. தண்ணீர் தரையிலிருந்து இருபத்தைந்து அடிக்குக் கீழே போய்விட்டால், எப்படிப்பட்ட பயில்வான் அடித்தாலும் மேலே வராது. ஆனால் ஷாலோக்காரன் என்ன செய்கிறான்? பள்ளம் தோண்டி மோட்டாரையே அதற்குள் இறக்கிவிடுகிறான். மோட்டார் கீழே போகப் போக அதற்குத் தண்ணீர் எட்டும். அடிபம்பைப் பள்ளத்துக்குள் இறக்கி யார் அடிப்பது? இதை நான் பலகையில் படம் போட்டுக் காட்டினேன். யாரும் கொட்டாவி விடவில்லை! கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, “மேடம், அப்ப மோட்டாரை நிறுத்தினா தண்ணி திரும்ப மேல வருமா?” என்றாள். எனக்குப் பளிச்சென்றது. அதைத்தானே பார்க்கவேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை திதியின் ஊருக்குப் போய் மோட்டார்களை நிறுத்தி அளந்து பார்க்கப்போகிறேன் என்று ராத்திரிச் சாப்பாட்டில் கணவரிடம் சொன்னேன்.

“ஏண்டி, ஞாயித்துக்கிழமை அதுவுமா ஊர்ச் சண்டைல போய்த் தலைய விடப்போறியா?”

“சண்டை இல்லே. சோதனை.”

“உனக்கு ரெண்டும் ஒண்ணுதானே,” என்று இன்னொரு இட்லியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்த இட்லியைப் பார்த்ததும் இன்னொன்று தோன்றி, மறுநாளே மார்க்கெட்டில் போய்க் கேட்டேன். நாங்கள் வழக்கமாக இட்லிக்கு வாங்குகிற புழுங்கலரிசி என்ன நெல்? கடைக்காரர் யோசிக்காமல் சொன்னார்: போரோ. ஆக, அந்தத் தண்ணீர் எங்கள் வீட்டு இட்லிப் பானைக்கும் வந்துகொண்டிருந்தது. கேனில் திரும்பிப் போனது பத்து லிட்டர். கணவரிடம் இதைச் சொன்னபோது முதல் தடவையாக அவர் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாலிகஞ்சிலிருந்து தெற்கே போகும் ரயில் காலியாக இருந்தது. கூட்டமெல்லாம் எதிர்த் திசையில். திதி ஜன்னலோரத்தில் என்னை உட்காரவைத்து, இறங்குமுன் பத்துத் தடவை சொன்னாள்: “அந்த அண்ணன் பொண்டாட்டிகிட்ட நான் பேச மாட்டேன். நீங்க பேசுங்க.” நான் பேசினேன். உயரமான, நிதானமான பெண்மணி அவள். ஒரே ஒரு பகல் மூன்று ஷாலோவையும் நிறுத்திப் பார்க்கலாமா என்றேன். வயலில் தண்ணீர் நிற்கிறது, ஒரு பகலில் நெல் ஒன்றும் ஆகிவிடாது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஒரு பகல்தானே” என்று சொல்லி உள்ளே போய்த் தன் வீட்டு ஆண்களிடம் சொன்னாள். ஒன்பது மணிக்கு மூன்று மோட்டாரும் நின்றன. அந்த அமைதியில் கொக்கு இறங்குகிற சத்தம்கூடக் கேட்டது.

அடிபம்புக்குப் பக்கத்தில் தலை கழன்றுபோன பழைய குழாய் ஒன்று நின்றது. அளப்பதற்கு அதுதான் வசதி. நீர்மட்டம் அளப்பது பெரிய வித்தை இல்லை. இரும்பு டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்து, குழாய்க்குள் இறக்கி, வெளியே இழுத்தால் நனைந்த இடம் கறுத்துத் தெரியும், இறக்கிய நீளத்திலிருந்து அதைக் கழித்தால் ஆழம். டேப்பை எடுத்தேன். கைப்பையைத் துழாவினேன். சாக்பீஸ் இல்லை! இருபத்திரண்டு வருஷமாகச் சாக்பீஸ் தூளைச் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு, அன்றைக்குப் பார்த்து ஒரு துண்டு கொண்டுவரவில்லை. தலையில் அடித்துக்கொண்டேன். துழாவின கையில் ஒரு பொட்டலம் தட்டுப்பட்டது. கோவிலில் கொடுத்த விபூதி.

விபூதியும் வெள்ளைத் தூள்தானே? டேப்பின் நுனியில் திதி கொடுத்த தேங்காயெண்ணெயைக் கொஞ்சம் தொட்டு, மூன்று விரலால் விபூதியை எடுத்துப் பூசினேன். இங்கேதான் நான் கெட்டேன். விபூதியை விரலில் எடுத்தால் நம் கண் தானாக மூடும், உதடு தானாக அசையும். எனக்கும் மூடியது, அசைந்தது. சுற்றி நின்ற பதினாலு வீட்டு ஜனமும் அதைப் பார்த்தது. டேப்பைக் குழாய்க்குள் இறக்கி எடுத்தேன். பிரமாதமாகக் கறுத்திருந்தது. இருபத்தேழு அடி.

மத்தியானம் மறுபடி விபூதி, மறுபடி டேப். இருபத்தைந்தரை. மூன்று மணிக்கு இருபத்து நாலு. “ஏறுது திதி, ஏறுது!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவளுக்கு எப்படியோ புரிந்தது. ஓடிப்போய் பம்பின் கைப்பிடியைப் பிடித்தாள். மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அடித்தாள். பம்பு இருமியது. காறியது. பிறகு கொடகொடவென்று ஒரு பாட்டம் கலங்கலாகக் கொட்டிவிட்டு, தெளிந்த தண்ணீராக விழ ஆரம்பித்தது. பெண்கள் எல்லாரும் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். நானும் இட்டேன், எனக்கு வராது, ஆனாலும் இட்டேன். புடவை முழுக்க நனைந்தது. பாடப் புத்தகத்தில் இரண்டு வரியாகப் படுத்துக் கிடந்த சமாசாரம் கண்ணெதிரே எழுந்து நின்று என் காலை நனைக்கிறது! அந்த மாதிரி ஒரு சந்தோஷத்தை நான் என் கல்யாணத்தன்றுகூட அனுபவித்ததில்லை, கணவரிடமே சொல்லியிருக்கிறேன்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் வந்து கையை நீட்டினாள். “மா, எனக்கு ஒரு சிட்டிகை.” இன்னொருத்தியும் நீட்டினாள். நான் இருந்த குஷியில் பொட்டலத்தைப் பிரித்து எல்லார் கையிலும் போட்டேன். எந்தப் புவியியல் வாத்தியாராவது இப்படிச் செய்வாளா? நான் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை திதி வந்து சொன்னாள். ஞாயிறு சாயங்காலமே மூன்று மோட்டாரும் திரும்ப ஓட ஆரம்பித்துவிட்டன. திங்கள் மத்தியானம் அடிபம்பு மறுபடி காய்ந்துவிட்டது. தெருவில் ஒரு கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறார்கள்.

“என்ன பேசினாங்க?”

“பஸ்மம் தீர்ந்துபோச்சாம். அதான் தண்ணி நின்னுடுச்சாம். இந்தத் தடவை பெரிய பொட்டலமா வாங்கிட்டு வரச் சொன்னாங்க.”

“ஐயோ ஐயோ! அது பூஜை இல்ல திதி! சாக்பீஸ் இல்லாததால பூசினேன்! மோட்டாரை நிறுத்தினதால தண்ணி வந்தது!” என்று கத்தின கத்தலில் கணவர் பாதி சவரத்தோடு ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டு அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “கிலோ கணக்குல வாங்கித் தரட்டுமாடி? மார்க்கெட்ல சொல்லி வைக்கறேன்.”

“நீங்க வாயை மூடுங்கோ!”

திதி சிரிக்கவில்லை. கரண்டியைக் கழுவிக்கொண்டே யோசித்தாள். “சரி பௌதி. பஸ்மம் இல்லாம செஞ்சு காட்டுவோம். ஆனா மூணையும் ஒண்ணா நிறுத்த வேண்டாம். அந்த அண்ணன் தம்பி மெஷின் ரெண்டையும் நிறுத்துவோம், எங்களது ஓடட்டும். அப்ப யார் தண்ணியைக் குடிக்கறாங்கன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். அதுக்கப்புறம் அவ எப்படித் தலை நிமிர்ந்து நடக்கறான்னு பாக்கறேன்.”

அடி சக்கை! ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது. இதற்கு மேல் என்ன சோதனை வேண்டும்? என் மாணவிகளில் ஒருத்திக்கும் தோன்றியிருக்காது, எனக்கே தோன்றவில்லை. ஒருநாள் அந்த இரண்டும் நிற்கட்டும், மறுநாள் அவை ஓடி இவளுடையது நிற்கட்டும் என்று நான் கூட்டிச் சேர்த்தேன். “அதெல்லாம் எதுக்கு, முதல் நாளே தெரிஞ்சிடும்” என்றாள்.

ஏப்ரல் நடுவில் நமக்கு வருஷப் பிறப்பு, அடுத்த நாள் அவர்களுக்குப் பொய்லா பொய்சாக், அதாவது வங்காள வருஷப் பிறப்பு. இரண்டு நாளும் கல்லூரி விடுமுறை. நம் வருஷப் பிறப்பன்று விடிகாலை நாலரைக்கு மாங்காய்ப் பச்சடியை அவசரமாகக் கிளறி வைத்துவிட்டு, “வடை நீங்களே தட்டிக்கோங்கோ” என்று சொல்லிக் கிளம்பினேன். கைப்பையில் இரண்டு பெட்டி சாக்பீஸ். விபூதியைப் பூஜையறையிலேயே விட்டுவிட்டேன்.

நான் மறுபடி கேட்டுக்கொண்டதில் அண்ணன் தம்பி இருவரின் மோட்டார்களும் ஏழு மணிக்கு நின்றன. உயரமான அந்தப் பெண்மணி குளக்கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். திதி வீட்டு மோட்டார் மட்டும் மூங்கில் புதருக்குப் பின்னால் தடதடவென்று ஓடியது. அளந்தேன், இருபத்தேழு அடி. பத்து மணிக்கு அளந்தேன், இருபத்தேழு. சரி, நேரமாகும். ஒரு மணிக்கு இருபத்தேழுக்கு இரண்டு அங்குலம் குறைவு. டேப்பைத் துடைத்து, சாக்பீஸை மாற்றி, இன்னொரு தடவை இறக்கினேன். அதேதான். மூன்று மணிக்குத் திதி பம்பை அடித்தாள். மூச்சு மட்டும் வந்தது.

கூட்டத்தில் முணுமுணுப்பு. “பஸ்மம் கொண்டுவரலையா?” என்று ஒரு குரல். நான் முறைத்த முறைப்பில் அது அடங்கிவிட்டது. ஆனால் எனக்குள் என்னவோ குடைந்தது. அடிபம்பிலிருந்து மூங்கில் புதர்ப் பக்கம் நடந்தேன், காலடியை எண்ணிக்கொண்டு. நாற்பது அடி எடுத்து வைப்பதற்குள் திதி வீட்டு மோட்டார்ப் பள்ளம் வந்துவிட்டது. அண்ணன் தம்பியின் ஷாலோக்கள் எங்கே? ஒரு குளமும் இரண்டு வயலும் தாண்டி. மோட்டார் தண்ணீரை இழுக்கும்போது, பூமிக்குள் அதைச் சுற்றி நீர்மட்டம் குழிந்துபோகும். மோட்டாருக்குக் கிட்டத்தில்தான் குழி ஆழம். இதை வருஷா வருஷம் பலகையில் வரைகிறவள் நான். மெஷின் பெரிதா சின்னதா என்று பார்த்தேனே தவிர, பக்கத்தில் இருப்பது எது என்று ஒருதடவை திரும்பிப் பார்க்கவில்லை. புரிந்ததும் வாயை மூடிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும்.

ரயிலேற வரும் வழியில் திதி, “ஒரு நாள் போதல பௌதி, அதான்” என்றாள். நான் ம் என்றேன்.

மறுநாள் அவர்கள் வருஷப் பிறப்பு. வாசலெல்லாம் கழுவி, பெண்கள் புதுப் புடவையில் நின்றார்கள். அண்ணன் தம்பி மோட்டார்கள் விடியலிலிருந்தே ஓடின. ஏழு மணிக்குத் திதி தானே பள்ளத்தில் இறங்கி, தன் வீட்டு மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தாள். அவள் புருஷன், அதிகம் பேசாத மனிதர், வரப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

பத்து மணிக்கு இருபத்தாறு அடி. பன்னிரண்டு மணிக்கு இருபத்தைந்தே கால். இரண்டு மணிக்கு இருபத்து நாலரை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பயமும் தாங்கவில்லை. இப்படித் துல்லியமாக ஒரு சோதனை என் ஆயுசில் எனக்கு அமைந்ததில்லை, ஆனால் திதியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் பம்பிடம் போனாள். அடித்தாள். எட்டாவது அடியில் தண்ணீர் வந்தது. போன தடவை மாதிரி கொட்டவில்லை, ஒல்லியாக, ஆனால் நிற்காமல் வந்தது. தூரத்தில் இரண்டு பெரிய மோட்டார்களும் ஓடுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. யாரும் குலவையிடவில்லை.

திதி கைப்பிடியை விட்டாள். “இன்னொரு தடவை அளந்து பாருங்க பௌதி.”

டேப்பை இறக்கினேன். தப்பாக இருந்துவிடக் கூடாதா என்று சத்தியமாக நினைத்தேன். இருபத்து நாலரை. சாக்பீஸ் கறுத்த இடத்தை அவளிடம் காட்டினேன். அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“எங்க மெஷின்தான்.”

வரப்பிலிருந்து அவள் புருஷன் எழுந்து வந்தார். அன்றைக்குத்தான் அவர் குரலை முழுசாகக் கேட்டேன். “கதிர்ல பால் பிடிச்சிருக்கு. இன்னும் பத்து நாள் தண்ணி நிக்கணும். இப்ப நிறுத்தினா மொத்தமும் பதராப் போயிடும். வருஷம் பூராவும் எதைச் சாப்பிடுவ?”

“ஆமன் நெல் இருக்கு, மழைல வந்தது. அது தீந்தா வாங்கிப்போம்.”

“தீந்தா வாங்கிப்பாளாம்!”

“அடுத்த வருஷம் இந்த நிலத்துல போரோ கிடையாது. ஆமன் அறுக்கறதுக்கு முன்னாடி ஈரத்துல கேசரிப் பருப்பு தூவு. அது தானா வரும், மெஷின் கேக்காது. எங்கம்மா வீட்டுல அப்படித்தான்.”

“அது அடுத்த வருஷம். இந்தப் பத்து நாளுக்கு?”

இரண்டு பிகா நெல், நாலு மாச வேலை, ஒரு பக்கம். பதினாலு வீட்டுக் குடிதண்ணீர் இன்னொரு பக்கம். நாற்பது காலடிக்குள் இரண்டும். பதில் எனக்குத் தெரிந்திருந்தது. தூரத்து மோட்டார்கள் ஓடினாலும் அடிபம்பில் தண்ணீர் வருகிறது என்று இப்போதுதானே பார்த்தோம்? அந்தத் தூரத்து மோட்டார்த் தண்ணீரைக் குழாய் போட்டு இவள் வயலுக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது! உற்சாகத்தில் வாயைத் திறந்தேன். திதி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்கும் அது தோன்றிவிட்டது. அதைக் கேட்கவேண்டியது யாரிடம் என்பதும்.

உயரமான அந்தப் பெண்மணி வரிசையில் குடத்தோடு நின்றாள். அவள் வீட்டுக்கும் இதே பம்புதான். திதி நேராக அவளிடம் போனாள். குடத்தை அவள் இடுப்பிலிருந்து வாங்கிப் பம்புக்கு அடியில் வைத்து, தானே அடிக்க ஆரம்பித்தாள். பாதிக் குடம் நிரம்பியது.

“நெல்லு பால்ல நிக்குது அக்கா,” என்றாள் திதி, கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு. “உங்க மெஷின்ல இருந்து கொஞ்சம் விட்டா...”

“ஒரு மாசமா என் வீட்டை என்ன சொன்ன?”

“திருட்டு வீடுன்னேன்.”

“நாசமாப் போகச் சொன்ன.”

“சொன்னேன். தப்பு.”

குடம் நிரம்பி வழிந்தது. அவள் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். திதியின் கை கைப்பிடி மேலேயே இருந்தது. குளக்கரை வரைக்கும் போனவள் அங்கே நின்று, திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தாள்.

“எங்க பைப்பு குளம் வரைக்கும்தான் எட்டும். உங்க வீட்டுதையும் எடுத்துட்டு வா.”